பக்கத்துக் குடித்தனம்

"பெட்டியும் கையுமா வந்திருக்கே! தோத்தா அப்படியே ஊரை விட்டு ஓடிடலாம்னு பிளானா?"

சிக்கனம் கேட்டதும் மேனேஜரே சிரித்துவிட்டார். சர்வரில் ஒரு துளி மெமரிகூட வீணாகக் கூடாது என்று தூக்கத்திலும் யோசிப்பவன் அவன். விட்டால் டீ கப்பைக்கூட இரண்டு பேருக்குப் பொதுவாக வைக்கச் சொல்வான். அதனால் ஆபீஸ் வைத்த பெயர் சிக்கனம்.

"ஓடறதுக்கு இல்ல. வீட்டுக்குத் திரும்பிப் போறதுக்கு," என்றாள், அவனுடைய புது டிசைனில் ஓட்டை இருக்கிறது என்று சவால் விட்டு அன்று நிரூபிக்க வந்திருந்த அவள். சொல்லும்போதே முகம் சிவந்தது.

கணவனோடு சண்டை போட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த கதை. கணவன் இதே கட்டடத்தில், கீழே கணக்குப் பிரிவில். லிஃப்டில் எதிர்ப்பட்டால் இருவரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நேற்று அவனே போன் செய்து, "பஞ்சாயத்தெல்லாம் போதும். தினமும் உன் முகத்துல முழிச்சாத்தான் எனக்கு வேலையே ஓடுது. வந்துடு" என்றான். இவள் உருகிவிட்டாள்.

அம்மாதான் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அவனுக்கு வாய் மட்டும் வக்கணை. போ, போ. ராத்திரி உனக்கு உலை வைக்கவா, வேணாமா?"

"வேணாம்மா," என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வந்தவள்தான். மீட்டிங் அறைக்குள் நுழையும் முன்புகூடக் கணவனுக்குப் போன் போட்டு ஏதோ கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடுதான் வந்து உட்கார்ந்தாள்.

"சரி, ஆரம்பிங்க. மேலிடத்துக்கு நான் விளக்கணும், எளிமையாச் சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

சிக்கனம் எழுந்தான். "சார், பெரிய சர்வர்தான் வீடு. உள்ளே ஓடற விர்ச்சுவல் மெஷின் ஒவ்வொண்ணும் ஒரு குடித்தனம். ரெண்டு குடித்தனத்துல ஒரே படம் இருந்தா எதுக்கு ரெண்டு காப்பி? என் டிசைன்ல சர்வரே ஒரு காப்பியைத் தூக்கிப் போட்டுடும். மிச்சமிருக்கிற ஒண்ணையே ரெண்டு பேருக்கும் காட்டும். ஒருத்தர் சமாசாரம் அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியும் சார்," என்றாள் அவள். "அந்தப் பொதுப் படத்துல நான் ஒரு புள்ளி வச்சா, எனக்குன்னு தனிக் காப்பி எடுத்துத் தரணும். அதுக்குத் துளி தாமதம் ஆகும். தாமதம் ஆச்சுன்னா, அதே படம் பக்கத்துக் குடித்தனத்துலயும் திறந்திருக்குன்னு அர்த்தம். கதவைத் தட்டாமலே உள்ளே என்ன இருக்குன்னு வேவு பாத்துடலாம்."

"அந்தத் தாமதத்தைத்தான் வெளிய தெரியாம மறைச்சிட்டேனே!"

"மறையல."

"செஞ்சு காட்டும்மா. நாளைக்கு இது வெளியே போகுது," என்றார் மேனேஜர்.

"இந்த டெஸ்ட் சர்வர்ல ரெண்டே குடித்தனம் சார். ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு கணக்குப் பிரிவுக்கு வெள்ளோட்டத்துக்குக் கொடுத்தது. அங்க இப்பத் திறந்திருக்கிற ஒரு படத்தை என்கிட்டயும் ஏத்தறேன்."

"அங்க எது திறந்திருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார். அடிச்சுச் சொல்லுவேன்."

படத்தை ஏற்றினாள். தாமதம் ஆனால் எகிறும் கோடு மட்டும் சுவர்த் திரையில் தெரிந்தது. சர்வர் இரண்டு மெஷின்களையும் ஒப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு புள்ளி வைத்தாள்.

கோடு அசையவில்லை. பச்சையாகப் படுத்தே கிடந்தது.

"வெண்ணெய் மாதிரி வழுக்குது பாருங்க சார்!" சிக்கனம் மேசையைத் தட்டினான். "எங்க உன் ஓட்டை? பூதக்கண்ணாடி வாங்கித் தரவா?"

இன்னொரு முறை செய்தாள். அப்புறம் இன்னொரு முறை. பச்சை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் தோத்துட்டேன் சார். டிசைன் சரியாத்தான் இருக்கு. விட்டுடலாம்."

அவள் இவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் தாடையைத் தடவினார். "இரும்மா. ஒருவேளை அந்தப் படமே அங்க இல்லேன்னா? எல்லா மெஷின்லயும் எப்பவும் திறந்தே இருக்கிற ஒண்ணைப் போட்டுப் பாரு. நம்ம கம்பெனி லோகோ."

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"சிக்கனம் சொல்றதுதான் சரி. ப்ளீஸ் சார், இதோட முடிச்சுக்கலாமே."

"பயப்படறா சார்! தள்ளு, நானே போடறேன்." சிக்கனம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். லோகோவை ஏற்றினான். காத்திருந்தான். ஒரு புள்ளி வைத்தான்.

கோடு சிவப்பாக எகிறி, சுவரின் உச்சியைத் தொட்டது.

மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு. லேப்டாப்பை அவள் பக்கமே தள்ளிவிட்டான்.

"சபாஷ்!" மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "ஓட்டைன்னா ஓட்டை, யானையே நுழையலாம்! நாளைக்கு வெளியே போயிருந்தா நம்ம மானம் கப்பலேறியிருக்கும். ஜெயிச்சது நீதாம்மா! ஆமா, அப்ப முதல் படம் மட்டும் ஏன் மாட்டல?"

"அது அங்க இல்ல சார்."

"இருக்குன்னு அடிச்சுச் சொன்னியே! அப்படி என்ன படம் அது?"

அவள் போனை எடுத்தாள். "அம்மா... ராத்திரி எனக்கும் சேத்து உலை வை."

பிறகு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி மேனேஜரைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கத்து மெஷின்ல உக்காந்திருக்கிறது என் வீட்டுக்காரர் சார். 'இந்த நிமிஷம்கூட நம்ம கல்யாண போட்டோவை ஸ்க்ரீன்ல திறந்து வச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கேன்'னு, நான் உள்ள வரும்போது சத்தியம் பண்ணாரு."