சத்தமே இல்லாத வகுப்பு

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே மோனோரயில் போவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் இப்படி அடங்கி உட்கார்ந்தால், வேறு ஆசிரியையாக இருந்தால் கந்தசாமி கோயிலில் தேங்காய் உடைத்திருப்பாள். சிவமலரோ பிள்ளைகளின் கைகளையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில், குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார் கமலநாதன் சார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒன்றாக வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சியில் அவளுக்கு இதுதான் கடைசிச் சோதனை. அவர் கையெழுத்துப் போட்டால் பிரிக்பீல்ட்ஸிலேயே நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடி அண்ணன் கடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்.

ஐங்கரனுக்குக் காது கேட்காது. அவனுக்காக மொத்த வகுப்புக்கும் சைகை மொழி கற்றுக்கொடுத்திருந்தாள். அதுதான் வினையாகப் போனது. வாயை மூடு என்றால் இந்தப் பிள்ளைகள் கையைத் திறந்துவிடுவார்கள்.

இப்போதும் அதுதான் நடந்தது. ஜனகா கண்ணால் சாரைக் காட்டிவிட்டு, சட்டி மூடியைத் தூக்குவதுபோலத் தன் தலைக்கு மேல் கையைத் தூக்கினாள். 'அது விக்.'

ஐங்கரன் சும்மா இருப்பானா? 'ஃபேனை ஃபுல்லா வெச்சா பறக்கும்' என்று விரலைச் சுழற்றிக் காட்டினான். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. நல்லவேளை, சாருக்குப் புரியாது என்று சிவமலர் மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

"டீச்சர், ஃபேனக் கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க," என்றார் சார். "பேப்பர் பறக்குது."

ஓடிப்போய்க் குறைத்தாள்.

பாடம் முடிந்ததும் சார் பேனாவைத் திறந்தார். திறந்தவர் மூடினார்.

"பாடம்லாம் ஓகே லா. ஆனா அந்தப் பையன் யாரோடயும் ஒரு வார்த்த பேசலையே. பக்கத்துல உக்கார வெச்சா மட்டும் போதுமா?"

"பேசுறான் சார். நாள் பூரா பேசுறான். அவங்க எல்லாரும் கையாலதான் பேசிக்குவாங்க."

"அப்படியா? இப்ப என்ன பேசிக்கிட்டாங்க?"

சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். அந்த நேரம் பார்த்து ஜனகா மறுபடி தலைக்கு மேல் கையைத் தூக்கினாள்.

"அது வந்து... சாருக்கு முடி ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றா."

"பையன் என்ன சொன்னான்?"

"நீங்க இன்னும் ரொம்ப உயரத்துக்குப் போவீங்கன்னு சொன்னான் சார்."

சார் கையெழுத்துப் போட்டார். ஒரு கையால் காகிதத்தை அவளிடம் நீட்டிக்கொண்டே, மறு கையால் உச்சந்தலையை மெல்ல அழுத்திவிட்டுக்கொண்டார்.

"வகுப்புல பாஸ் டீச்சர். மொழிபெயர்ப்புலதான் ஃபெயில்."