காலிப் பெட்டி என்ன விலை?

“யக்கா, அந்த ஊதாக் கலர் பொட்டி இன்னும் கீதா, இல்ல தூக்கிக் கடாசிட்டியா?”

காசிமேட்டில் குப்பம்மா வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்று கேட்டான் ரவிக்குமார். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த குப்பம்மா அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பொட்டி?”

“உன் வூட்டுக்காரரு காசு போட்டு வெச்சிருந்தாரே, அந்தப் பொட்டி. காசுங்கள நான் வாங்கிகினேன். காலிப் பொட்டி உன்கிட்டதானே இருந்துச்சு?”

“மொதல்ல உள்ள வா நைனா. இன்னா இப்படி வேர்த்துக் கொட்டுது? தண்ணி குடி.”

தண்ணீர் தொண்டையில் இறங்குகிற நிலையிலா இருந்தான் அவன்? புழக்கத்துக்கு விடாமல், சேகரிப்பவர்களுக்கென்றே நாணயச்சாலையில் கண்ணாடி மாதிரி அடிக்கிற ப்ரூஃப் காசுகள் நான்கு. குப்பம்மாவின் கணவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி வைத்தவை. அவற்றை வாங்குவதற்காக, மனைவி ஜெயஸ்ரீக்குத் தெரியாமல் அவளுடைய சங்கிலியை இருபதாயிரத்துக்கு அடகு வைத்துவிட்டான். வியாழக்கிழமை அவள் தம்பிக்குக் கல்யாணம். அன்றைக்கு அவள் கழுத்தில் சங்கிலி இல்லையென்றால், இவன் கழுத்தில் தலை இருக்காது.

செல்போன் அடித்தது. கல்மண்டபத்தில் பழைய காசுக் கடை வைத்திருக்கும் தண்டபாணி. நேற்றுக் காலை இவன் காசுகளைக் கொண்டுபோய்க் காட்டியதும், பெட்டி எங்கே என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

“இன்னாப்பா, பொட்டி கெடைச்சுதா?”

“பார்த்துகினே கீறேன் சார்.”

“பொட்டியோட முழு செட்டா இருந்தா எண்பதாயிரம். உதிரின்னா நாலுக்கும் சேர்த்து பன்னெண்டாயிரம்தான். அவசரம்னா சொல்லு, உதிரியாவே எடுத்துக்கறேன். இப்பவே பணம் அனுப்பிடறேன்.”

“சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க சார்!”

பன்னிரண்டாயிரத்துக்குச் சங்கிலி எப்படித் திரும்பும்?

“யக்கா, ஐநூறு ரூபா தரேன். பொட்டியக் குடு.”

குப்பம்மா கூடையைக் கவிழ்த்து வைத்தாள். “காலிப் பொட்டிக்கு ஐநூறா? அப்படி இன்னா கீது அதுல?”

“ஒன்னும் இல்ல, ஒரு ஆசைதான். சரி, ரெண்டாயிரம்.”

அவள் தினமும் மீன் ஏலத்தில் நின்று பழகியவள். எதிராளி வாயிலிருந்து அடுத்த தொகை வரும்வரை அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது.

“அஞ்சாயிரம்!”

“மேல சொல்லு.”

“பத்து! யக்கா, என் குடும்பமே இதுல கீதுக்கா.” கெஞ்சுவது அவனுக்கே அவமானமாக இருந்தது. “பதினஞ்சு. சாயந்தரம் பணம் வந்ததும் தரேன், அதுக்கு மேல சத்தியமா முடியாது.”

குப்பம்மா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

“அப்பாடா! நான் ஏமாறல. நேத்துலேர்ந்து மனசு கெடந்து அடிச்சிகினு இருந்துச்சு.”

“இன்னாக்கா சொல்ற?”

“நேத்து சாயந்தரம் ஒருத்தர் வந்து, இருபதாயிரம் குடுத்து அந்தப் பொட்டிய வாங்கிகினு போய்ட்டாரு. கல்மண்டபத்துல காசுக் கடை வெச்சிகீறாரே தண்டபாணி, அவருதான்.”

ரவிக்குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். காசு எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டபோது, குப்பம்மா பேரையும் தெருவையும் பெருமையாகச் சொன்னது இவனேதான்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா!”

“உன்னை இன்னாத்துக்குக் கேக்கணும்? பொட்டியோட முழுசா எடுத்துக்கோன்னு நான் கெஞ்சனப்ப நீதானே சொன்ன, செட்டா வித்தா வெலை போவாது, ஒத்தை ஒத்தையா வித்தாதான் நாலு காசு பார்க்கலாம்னு? அதான், பொட்டியையும் ஒத்தையா வித்துட்டேன்.”