மைலேஜ் கேட்காத ஜோடி

"கதவை இன்னும் கொஞ்சம் ஓங்கி அறைஞ்சு பார்க்கலாமா?"

கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அறைந்தாள். ஷோரூமின் நடுவில் நின்ற சிவப்பு செடான் கார் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

"தாங்குதுங்க," என்றாள் கணவனிடம் திருப்தியாக.

விற்பனைப் பிரதிநிதி ஓடிவந்து கதவைத் தடவிப் பார்த்தான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'வானொலி'. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. ஆனால் அந்த வாயாலும் இந்தக் காரை மட்டும் தள்ளிவிட முடியவில்லை. குறைந்த விலை, குட்டி உருவம், கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து ஒட்டவைத்ததுபோல் ஒரு டிக்கி. வருகிறவர்கள் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு உயரமான வண்டிகள் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள்.

"இந்த மாசமும் இது இங்கேயே நின்னுச்சுன்னா, இதுக்குப் பக்கத்துல உன்னையும் நிறுத்தி உறை போட்டு மூடிடுவேன்," என்று மேலாளர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே வானொலி தன் ஒலிபரப்பை ஆரம்பித்தான்.

"மைலேஜைப் பத்தி நீங்க கவலையே பட வேணாம் சார்..."

"நாங்க படலையே," என்றார் கணவர்.

வானொலிக்குப் புரை ஏறியது. மைலேஜ் கேட்காத ஒரு வாடிக்கையாளரை அவன் கனவில்கூடக் கண்டதில்லை.

"நின்ன இடத்துலயே ஏசி ஓடுமா?" கணவர் கேட்டார்.

"ஓடும் சார். இன்ஜின் ஆன்ல இருக்கணும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?"

கணவர் மனைவியைப் பார்த்தார்.

"அது அன்னன்னைக்கு இருக்கிற நிலைமையைப் பொறுத்தது," என்றாள் அவள்.

பாவம், டிராஃபிக்கில் தினம் தினம் வாடுகிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் வானொலி.

அடுத்து இருவரும் பின் சீட்டில் ஏறி, எதிரும் புதிருமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். அவள் கையை நீட்டினாள். விரல் கணவரின் மூக்குக்குச் சற்று முன்னால் நின்றது.

"இடம் போதுங்க."

"தாராளமா மூணு பேர் உட்காரலாம் மேடம்!"

"ரெண்டு பேர்தான். ஆமா, உள்ளே இருக்கிறவங்க பாதியில கதவைத் திறந்துக்கிட்டு இறங்கிப் போகாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

"சைல்டு லாக் இருக்கு மேடம். குழந்தைக்கு என்ன வயசு?"

"குழந்தை இன்னும் இல்லை. லாக் வேணும்."

கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, எதிர்க் கடையில பார்த்தோமே, டிக்கி இல்லாத குட்டி வண்டி, அது இதைவிட விலை கம்மிதானே?"

"அதுல பின்னாடி பூரா கண்ணாடிம்மா. தடுப்பே இல்லை. இதுல பாரு, சீட்டுக்குப் பின்னால கெட்டியா அடைச்சிருக்கான்."

இந்த டிக்கியைப் பாராட்டி ஒரு மனிதர் பேசி இன்றுதான் கேட்கிறான். வானொலி டிக்கியை அகலத் திறந்து காட்டினான். "எவ்வளவு லக்கேஜ் வேணும்னாலும் வைக்கலாம் சார்!"

"லக்கேஜ் எதுவும் கிடையாது," என்றார் கணவர். "நீங்க கொஞ்சம் என்கூட வெளியே நில்லுங்க. அவ உள்ளேயிருந்து கத்துவா. கேக்குதான்னு சொல்லுங்க."

கண்ணாடிகள் ஏறின. உள்ளே அவள் மூச்சை இழுத்துவிட்டுக் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கை காற்றில் சுழன்றது, தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. வெளியே கொசு ரீங்காரம் அளவுக்குக்கூட எதுவும் வரவில்லை.

கணவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "ஒரு எழுத்துகூடக் கேக்கலை!"

வானொலிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஷோரூமுக்குள் வந்ததிலிருந்தே இருவரும் ரகசியம் பேசுவதுபோல்தான் பேசுகிறார்கள். தெரு இரைச்சல் காதில் விழக்கூடாது என்று நினைக்கிற அமைதியான ஜீவன்கள்!

அவள் இறங்கியபோது திருவிழாவில் ராட்டினம் சுற்றிவிட்டு வந்தவள்போல் முகம் ஜொலித்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"இரு, நானும் பார்த்துட்டு வரேன்," என்று கணவர் உள்ளே போனார். போனவர் லேசில் வெளியே வருவதாயில்லை. அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டித்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறீங்களா சார்?"

"எதுக்கு? இதுவே போதும். வாங்கிக்கிறோம்."

வானொலி தரையில் கால் பாவாமல் ஓடிப்போய் மேலாளரை அழைத்துவந்தான். மேலாளர் இருவருக்கும் கை கொடுத்தார். போகிற போக்கில் வானொலியின் முதுகிலும் ஒரு தட்டு தட்டினார்.

"வண்டி ரெடியானதும் ஃபோன் பண்றோம். ஓட்டிட்டுப் போக சார் வருவீங்களா, மேடமா?" என்று கேட்டான் வானொலி.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க ரெண்டு பேருக்குமே கார் ஓட்டத் தெரியாது தம்பி. நீங்களே கொண்டுவந்து வீட்டு வாசல்ல நிறுத்திடுங்க. அது அங்கேயே நிக்கட்டும்," என்றார் கணவர்.

வானொலியின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மேலாளர்தான் கேட்டார்: "ஓட்டத் தெரியாதுன்னா, அப்புறம் எதுக்கு சார் கார்?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி, நாத்தனார்னு வீடு நிறைய ஆளுங்க சார்; கல்யாணமான நாள்லேருந்து இவரும் நானும் ஒரு தடவைகூட நிம்மதியா, வாய்விட்டு, முழுசா ஒரு சண்டை போட்டதே இல்லை!"