மேனேஜரின் அக்கறை

அரியலூரை அடுத்த நூல் மில் ஒன்றின் கெஸ்ட் ஹவுசில் தோட்ட வேலை பார்த்தாள் அம்சவள்ளி. குந்தி உட்கார்ந்து அரிவாளால் புல்லறுத்தே அவள் முட்டி தேய்ந்துபோயிருந்தது. தள்ளிக்கொண்டே புல் வெட்டும் மெஷின் வந்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள்.

"ஈரத்தோட வெச்சிடாதே அம்சவள்ளி, துருப்பிடிச்சிடும்" என்பார் அங்கேயே குடியிருந்த மில் மேனேஜர்.

"தொடச்சிட்டேங்க ஐயா."

ஒட்டிய புல்லைச் சுரண்டி, பிளேடை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எண்ணெய் விட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

"நீ ரிட்டையர் ஆகுற வரைக்கும் இது உழைக்கணும்" என்பார் அவர்.

"நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுசன்" என்று புருஷன் கொளஞ்சியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

மேனேஜருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய லாரியில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே அந்த மெஷின் நின்றது. அம்சவள்ளி பதறி ஓடினாள்.

"அம்மா, நம்ம மெஷினைத் தெரியாம ஏத்திட்டாங்க! எறக்கச் சொல்லுங்க."

மேனேஜரின் மனைவி சிரித்தாள்.

"அது எங்களுதுதான். இனிமே ஓடாதுன்னு மில் கணக்குல கழிச்ச சாமான்ல சேர்த்து, போன வருசமே சார் தன் பேருக்கு எடுத்துட்டாரு. உன் கையில இருந்தா புதுசாட்டமே இருக்கும்னுதான் இங்கேயே விட்டு வெச்சோம்."

அம்சவள்ளி லாரியில் நின்ற மெஷினை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப நான் இனிமே எதால வெட்டுறதுங்கம்மா?"

"புதுசா வர்றவர்கிட்ட கேளு."

மேனேஜர் எதுவும் காதில் விழாதவர்போல் காரில் ஏறிக்கொண்டார்.