கடைசி நாலு பக்கம்

"ஆமா, நான்தான் கிழிச்சேன். இன்னா பண்ணுவீங்க?"

பக்தவச்சலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு தையல்கடை மாடியில் இருக்கிறது எங்கள் காமிக்ஸ் வாசகர் வட்டம். ஞாயிறு காலைதோறும் கூடுவோம். புத்தக அலமாரிக்கு நான்தான் பொறுப்பு. அன்றைக்கு 'சுரங்கவீரன் செங்கோடன்' நாற்பத்தெட்டாம் புத்தகத்தைத் திறந்தால், கடைசி நாலு பக்கத்தைக் காணோம்!

அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்தே எங்கள் வட்டம் ரெண்டு பட்டுப் போயிருந்தது. நாற்பத்தேழு புத்தகமாக எந்தக் குழியில் சிக்கினாலும் மேலே வந்துவிடுகிற செங்கோடன், இதில் மண் சரிந்த சுரங்கத்துக்குள் ஆட்களைக் காப்பாற்ற இறங்குகிறான். அத்தனை பேரும் மேலே வருகிறார்கள். அவன் வரவில்லை. கடைசி நாலு பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவன் மனைவி சுரங்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான்.

"காமிக்ஸுன்னா இது!" என்றோம் பாதிப் பேர். "இது காமிக்ஸே இல்ல" என்றார்கள் மீதிப் பேர்.

எங்கள் கட்சிக்குத் தலைவி ரோஸி அக்கா. எதிர்க்கட்சிக்கு இந்த பக்தவச்சலம். ரெண்டு பேரும் கோலார் தங்கவயல்காரர்கள். ரெண்டு பேருடைய அப்பாக்களும் சுரங்கத்துக்குள்ளேயே செத்துப்போனவர்கள்.

"எங்கப்பன்தான் மேல வரல. செங்கோடனாவது வரட்டுமே, இன்னா கெட்டுப்போச்சு?" என்று கத்துவார் பக்தவச்சலம்.

"போடா! எங்கம்மா நின்னா மாதிரியே வரைஞ்சிருக்கான். ஒருத்தனாவது உள்ளதைப் போட்டானே!" என்பார் ரோஸி அக்கா.

போன மாதம் ரோஸி அக்கா மாரடைப்பில் போய்விட்டார். அப்போது புத்தகம் அவர் வீட்டில்தான் இருந்தது. அடக்கம் முடிந்த மறுவாரம் அதைத் திருப்பிக் கொண்டுவந்து நோட்டில் கையெழுத்துப் போட்டவர் பக்தவச்சலம். ரோஸி அக்கா கணவர் டொமினிக் அண்ணன் அதற்கப்புறம் வட்டத்துப் பக்கமே வரவில்லை.

"பக்கம் எங்க சார்?" என்று கேட்டேன்.

"போச்சு. திரும்ப வராது."

"எரிச்சிட்டீங்களா?"

"எரிக்கல."

"சும்னே திமிரா பேசாதீங்க சார்" என்று எகிறினான் எங்கள் கட்சி விஜய்குமார். "மொத்தமே ஐந்நூறு காப்பிதான். நம்ம வட்டத்துக்கே ஒண்ணுதான் கிடைச்சுது. மறுபதிப்பு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. தெரியுமில்ல?"

"நல்லா தெரியும். தெரிஞ்சுதான் கிழிச்சேன்."

நான் விடவில்லை. "ரோஸி அக்கா உயிரா நினைச்ச பக்கம் அது. அவங்க இருந்தவரைக்கும் வாய்ப்பேச்சுல ஜெயிக்க முடியல. செத்ததும் கைவரிசையைக் காட்டிட்டீங்க, அதானே?"

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"ஆமா. ஜெயிக்க முடியல" என்றார்.

"மன்னிப்புக் கேளுங்க. இதோட விட்டுடறோம்."

"கேக்க மாட்டேன் மைதிலி. திரும்பக் கையில கிடைச்சாலும் கிழிப்பேன்."

இதற்குமேல் என்ன பேசுவது? வட்டத்திலிருந்து நீக்குவது என்று முடிவாயிற்று. அவர் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் கிடையாது. ஞாயிறு விடிந்தால் தங்கவயலில் ரயில் பிடித்து வந்துவிடுவார். 'இந்த ஒரு காலைக்காகத்தான் மத்த ஆறு நாளை ஓட்டறேன்' என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனாலென்ன? தப்பு தப்புதான்.

நீட்டிய தாளில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். உறுப்பினர் அட்டையை மேஜைமேல் வைத்தார். தலையைக் குனியாமல் படியிறங்கிப் போனார்.

யாரோ கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அரை மணி நேரம் கழித்து டொமினிக் அண்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சட்டைப் பையில் கறுப்புத் துணி குத்தியிருந்தது.

"இன்னிக்கு முப்பதாம் நாள் பூசைம்மா. முடிச்சிட்டு நேரா இங்கதான் வரேன். பக்தா எங்க?"

"தூக்கிட்டோம் அண்ணே! அக்காவுக்குப் பிடிச்ச கடைசி நாலு பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுட்டார் அந்த மனுஷன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

டொமினிக் அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் கிழிச்சேன்னு சொன்னானா?"

நான் விஜய்குமாரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அந்த ஒரு கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை.

"அடக்கத்தன்னிக்கு, பெட்டியை மூடப் போற நேரம்மா. அந்த நாலு பக்கத்தையும் அவ கையில வச்சு அனுப்பணும்னு எனக்கு ஒரு ஆசை. வட்டத்துப் புக்காச்சே, எப்படிக் கிழிக்கிறது? புக்கைக் கையில வச்சுக்கிட்டே நின்னேன். பக்தாதான் வெடுக்குனு பிடுங்கினான். 'பழி என்னோட இருக்கட்டும் அண்ணே, நீ வாயைத் திறக்காத'ன்னான். அவனே கிழிச்சு, அவனே மடிச்சு, ஜெபமாலைக்கு அடியில வச்சான்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வச்சுட்டு, அவ காதுகிட்ட குனிஞ்சு, 'நல்ல கதைதான் அக்கா'ன்னு சொன்னான்."