மூன்று குடம்

"ஈரம் மேடமா? ஆகாசத்துல இருந்தே மண்ணைப் பாத்துப் பழகினவங்க. இன்னைக்குத்தான் தரையில இறங்கறாங்க."

ஜீப்புக்குப் பின்னால் நின்று டிரைவர் யாரிடமோ போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது. மண்ணின் ஈரத்தைக் கணக்கிடுகிற அவளுக்கு ஆபீசில் அதுதான் பட்டப்பெயர். கேட்காதவள்போல ஏறி உட்கார்ந்து, கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

பிரச்னை ஒரே ஒரு கருவி.

செயற்கைக்கோள் மேல்மண்ணின் ஈரத்தை அளந்து அனுப்பும். அதை வைத்து, வேர் போகிற ஆழத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அவளுடைய கம்ப்யூட்டர் மாடல் கணக்குப் போடும். சந்தேகம் வந்தால், தரையில் புதைத்த கருவி சொல்வதே தீர்ப்பு.

நாற்பது நாளாக அந்த வட்டாரத்தில் சொட்டு மழை இல்லை. செயற்கைக்கோள் புழுதி என்றது. கருவியோ சேறு என்று சாதித்தது. மாடல் கருவியை நம்பி, சுற்றியிருக்கும் பன்னிரண்டு ஊருக்கும் ஈரம் என்று எழுதிவைத்துவிட்டது. இன்று ஐந்து மணிக்கு வறட்சிப் பட்டியல் மூடிவிடும். பட்டியலில் இல்லாத ஊருக்குத் தண்ணீர் லாரி வராது.

கருவி இருக்கும் நிலையத்து வாட்ச்மேனிடம் நான்கு முறை போனில் கேட்டாயிற்று. நான்கு முறையும் ஒரே பதில். "கருவி நல்லா இருக்கு மேடம்."

நேரில் பார்த்து, தவறுக்குப் பொறுப்பு யார் என்று எழுதாமல் எந்தக் கருவியையும் கணக்கிலிருந்து நீக்க முடியாது. படிவத்தில் 'பொறுப்பு' என்ற கட்டத்தில் பெயர் ஏறியவர்கள் யாரும் அதே வேலையில் நீடித்ததில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், போகிற வழியிலேயே லேப்டாப்பைத் திறந்து 'வாட்ச்மேன்' என்று தட்டிவைத்தாள்.

நிலையத்து வேலிக்கு வெளியே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேலிக்கு உள்ளே, கருவியைச் சுற்றி, பச்சைப் பசேலென்று புல். அதன் நடுவில் நின்று, வாட்ச்மேன் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஜீப்பிலிருந்து இறங்கி வேலிக்குள் ஓடினாள்.

"ஏங்க, ஈரத்தை அளக்கிற கருவி மேலயே தண்ணி ஊத்தறீங்களே, உங்களுக்கே நியாயமா இருக்கா? நாலு தடவை கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கருவியப் பத்தித்தானே மேடம் கேட்டீங்க? புல்லைப் பத்திக் கேக்கலையே."

டிரைவர் திரும்பி நின்று இருமினான்.

யாரைக் கேட்டு ஊற்றினீர்கள், இதனால் பன்னிரண்டு ஊருக்குத் தண்ணீர் கிடைக்காமல் போகப்போகிறது, அதில் உங்கள் ஊரும் ஒன்று என்று அவள் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள். முடிந்ததும் அவர் கேட்டார்: "அப்ப இனிமே ஊத்த வேண்டாமா மேடம்? போர் வத்திப்போச்சு. பக்கத்து ஊர்லேருந்து சைக்கிள்ல கட்டிக்கிட்டு வர்றேன். தினம் மூணு குடம். வீட்டுக்கு ஒண்ணு, இதுக்கு ரெண்டு."

"யாருங்க இப்படி ஊத்தச் சொன்னது?"

அவர் அறைக்குள் போய், பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்த தாளை எடுத்துவந்தார். தலைமை அலுவலகச் சுற்றறிக்கை. மூன்று மாதத்துக்கு முந்தையது. ஆண்டறிக்கைக்குப் புகைப்படம் எடுக்க எப்போது வேண்டுமானாலும் ஆள் வரலாம். நிலைய வளாகம் எந்நேரமும் பசுமையாக இருக்க வேண்டும். தவறினால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

கையெழுத்தைப் பார்த்தாள். அவளுடையதுதான். நாற்பது நிலையத்துக்குச் சேர்த்து ஒரே மூச்சில் போட்டது.

"படம் எடுக்க யாரும் வரலைங்க மேடம்" என்றார் அவர்.

மணி நாலே முக்கால். ஜீப் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கருவியைக் கணக்கிலிருந்து நீக்கினாள். பொறுப்பு என்ற கட்டத்தில் இருந்த 'வாட்ச்மேன்' என்பதை அழித்துவிட்டு, தன் பெயரை முழுசாகத் தட்டி அனுப்பினாள்.