மாம்பொங் போகும் வேன்

"அஃப்ரியே, இறங்கு! குழந்தையைத் தூக்கிக்கிட்டு கீழ இறங்குடி!"

குமாசி நகர வேன் நிலையத்தில் மாம்பொங் வேன் நிரம்பியிருந்தது. கடைசி இருக்கையில் என் மனைவி. நான் வெளியே நின்று ஜன்னலைத் தட்டிக் கத்தினேன்.

"எங்கம்மா வீட்டுக்குப் போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்க" என்றாள். வேனே சிரித்தது.

டிரைவர் ஒடெங் சாவியைத் திருகினார். "பாருங்கய்யா, இன்ஜின் கோளாறு காட்டுற விளக்கு எரியுதா? வண்டி தங்கம்! நேத்துதான் முதலாளி பட்டறையில காட்டி எடுத்துட்டு வந்தாரு."

"சாவி போட்டதும் ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சாதான் அந்த விளக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம். இது எரியவே இல்லையே! உள்ள ஒயர் உருகி, புகைக்குழாய்ல ஒட்டியிருக்கு. மலையேறும்போது தீப்பிடிச்சா யாரு தப்புறது?"

"மூடியைத் திறக்காமலே சொல்றீங்களே, நீங்க என்ன தீர்க்கதரிசியா?"

ஒடெங் கியரைப் போட்டார். நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"நேத்தே பட்டறையில திறந்து பார்த்தேன்யா! ஒயர் மாத்த ரெண்டு நாளாகும்னேன். உங்க முதலாளி, விளக்கு அணைஞ்சா போதும்னாரு. விளக்குக்குப் போற ஒயரை வெட்டிவிட்டதே நான்தான்!"

வேனிலிருந்து முதலில் குதித்தது ஒடெங்.